திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்: ஒஃபிஸ் ஆக்களை வைத்துக் குத்துச்சண்டை இரவு நடத்துவது எப்படி

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் காப்புறுதி நிறுவனத்தில், மற்றவர் கனடாவிலிருந்து வந்து நிற்கிற பழைய மாணவர். லண்டனில் செய்கிற மாதிரி ஒஃபிஸ் ஆக்களை ரிங்கில் ஏற்றி, கோட்டுச் சூட்டோடு மேசைகளில் இருந்து ஆக்கள் பார்க்க, சேருகிற காசை வைத்தியசாலைக்குக் கொடுக்கிற ஒரு இரவை யாழ்ப்பாணத்தில் நடத்தலாமா என்பதுதான் கேள்வி. நடத்தலாம். பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை பழகியவன் நான், இப்படியான இரண்டு நிகழ்ச்சிகளில் பயிற்சியையும் ஜோடி சேர்க்கிற வேலையையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. கேட்கிற எல்லாரும் மண்டபத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த ஹோட்டல், எத்தனை மேசை, யார் பிரதம விருந்தினர், பாட்டுக்கு யார். அதெல்லாம் கடைசி மூன்று வாரத்தில் முடிகிற வேலை. ரிங்கில் ஏறப்போகிறவர் தொழில்முறை வீரர் இல்லை. சனிக்கிழமை இரவு ஏறி, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஒஃபிஸில் கையெழுத்து வைக்க வேண்டியவர், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர். அவர் போன மாதிரியே திரும்பி வர வேண்டும். எந்த முடிவை எடுத்தாலும் இதை முன்னுக்கு வைத்து எடுங்கள்.

இதற்கு வெள்ளைக் கொலர் பொக்சிங் என்று பெயர். நியூயோர்க்கின் புரூக்ளினில் இருக்கிற கிளீசன்ஸ் ஜிம்மில், 1980களின் பிற்பகுதியில், பகலில் வழக்கறிஞர், வர்த்தகர் என்று வேலை பார்த்தவர்கள் பின்னேரம் பயிற்சிக்கு வந்து, கடைசியில் தங்களுக்குள் மோதிப் பார்த்ததில் இருந்துதான் இது பரவியது. லண்டனுக்குப் போன பிறகு அறக்கொடையும் அதோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் கறுப்பு உடை, விருந்து, மேசை விரிப்பு எல்லாம் அதைவிடப் பழசு. 1891 இல் லண்டனில் தொடங்கிய நஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் அங்கத்தவர்கள் இரவு உடையில் விருந்தை முடித்துவிட்டுத்தான் சண்டை பார்க்க இருப்பார்கள். சுற்று நடக்கும்போது ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே விதி. அந்த விதி எங்களுக்கும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். இங்கிலாந்தில் இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் அங்குள்ள குத்துச்சண்டைச் சங்கங்களின் கட்டுப்பாட்டுக்கு வெளியேதான் நடக்கின்றன. அறக்கொடைக்காக ஏறிய சிலர் தலையில் அடிபட்டு இறந்தும் இருக்கிறார்கள். ஆகவே டொக்டர் இல்லாமல், நடுவர் இல்லாமல், பன்னிரண்டு வாரப் பயிற்சி இல்லாமல் செய்யத்தான் முடியும் என்றால் செய்யாதீர்கள். அந்தக் காசை ஒரு நடைபவனி வைத்துச் சேர்க்கலாம்.

காசு யாருக்கு, நிகழ்ச்சி எப்போது

"ஏழைகளுக்கு" என்று சொல்லி ரிக்கெட் விற்க முடியாது. ஒரு பொருளைச் சொல்லுங்கள். 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது எங்கள் சனத்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு ரூபாயும் எந்தக் கட்டடத்துக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் அவ்வளவு பெரிதாகச் செய்யத் தேவையில்லை. வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் நேரே போய், இந்த வருடம் உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேளுங்கள். நாங்களாக யோசித்து ஒரு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தால், அதற்குரிய உதிரிப்பாகமும் அதை இயக்க ஆளும் இல்லாமல் மூலையில் கிடக்கும். தூர இடங்களில் இருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களின் பஸ் காசும் தங்குமிடமும் சில வேளை இயந்திரத்தைவிடப் பெரிய தேவையாக இருக்கும். என்ன தேவை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திகதி விஷயத்தில் பலர் பிழை விடுவார்கள். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் வைக்க முடியாது. பாதிப் பேர் விரதம், மச்சம் பரிமாற முடியாது, ஹோட்டல்களிலும் இடம் இராது. மார்ச் மாதம் வடக்கின் பெரும் சமர் என்கிற பள்ளிக்கூடக் கிரிக்கெட் நடக்கிற கிழமை பழைய மாணவர் எவரையும் வேறு எதற்கும் பிடிக்க முடியாது. போயா நாள் சரிவராது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் ஜூலை முதல் இரண்டு கிழமை நல்லது, ஆனால் அப்போது பயிற்சி ஏப்ரல் வெயிலில் விழும். என்னைக் கேட்டால் பெப்ரவரிதான். பொங்கல் முடிந்திருக்கும், வெக்கை குறைவு, பயிற்சியைக் கூரைக்குக் கீழே வைத்தால் மழையும் ஒரு தடையில்லை.

மண்டபத்தை உறுதிப்படுத்துவதற்கு முன்பு கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் கதையுங்கள். குத்துச்சண்டைச் சங்கத்தோடு தொடர்பு, தகுதியுள்ள நடுவர், சில வேளை ரிங்கே எங்கே கிடைக்கும் என்பது வரை அங்கேதான் தொடங்கும். ரிக்கெட் விற்றால் கேளிக்கை வரி பற்றி மாநகர சபையிடமும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸிடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு காப்புறுதியும் எடுங்கள். பங்குபற்றுகிறவரின் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், வாசித்து விளங்கிக் கையெழுத்து வைக்கட்டும். ஆனால் அந்தத் தாள் உங்களுடைய பொறுப்பைக் கழுவிவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஆட்களை எடுப்பதும் டொக்டரிடம் அனுப்புவதும்

ஏழு சண்டைக்குப் பதினான்கு பேர் வேண்டும். இருபத்தைந்து பேரையாவது எழுதுங்கள். நான்கு வாரத்தில் கால்வாசிப் பேர் நின்றுவிடுவார்கள், அது நல்லதுதான், நிற்கிறவரை ஒருவரும் பகிடி பண்ணக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களை நான் ரிங்கில் ஏற்றுவதில்லை. அவர்கள் பயிற்சிக்கு வரலாம், சண்டையன்று ரிங்கின் மூலையில் உதவியாளராக நிற்கலாம், காசு சேர்க்கலாம்.

டொக்டரின் பரிசோதனை பயிற்சி தொடங்க முன்பு ஒன்று, சண்டைக்கு முந்திய நாளோ அன்றோ இன்னொன்று. முதலாவதில் இரத்த அழுத்தம், சீனி, ஈ.சீ.ஜி., கண் பரிசோதனை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனை. ரிங்கில் இரத்தம் படும், அதனால் இரத்தப் பரிசோதனையில் ஒருவருக்கும் விலக்குக் கிடையாது. முடிவுகளை டொக்டர் மட்டும் பார்க்க வேண்டும், ஏற்பாட்டுக் குழுவுக்கு "தகுதி", "தகுதியில்லை" என்ற ஒரு சொல் காணும். விழித்திரைப் பிரச்சினையோ கண்ணில் சத்திரசிகிச்சையோ இருந்தால் ஏறக்கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர், வலிப்பு வந்தவர், முன்பு மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவர் ஆகியோருக்கும் இல்லை. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை சேரும்.

எங்கள் ஊரில் இன்னொரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும், வெளிநாட்டுப் படிவங்களைப் பிரதி எடுத்தால் அதில் இது இராது. யுத்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் இன்று ஒஃபிஸில் இருக்கிறார்கள். உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா, சின்ன வயதில் தலையில் காயம் பட்டதா, வெடிச் சத்தத்தால் ஒரு காது கேளாமல் இருக்கிறதா? பலர் இதை ஒரு நோயாக நினைப்பதே இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். நான் பயிற்சி கொடுத்த ஒருவர் ஆறாவது வாரம்தான், கையுறையைக் கழற்றிக்கொண்டே, பின் தலையில் ஒரு துண்டு கிடக்கிறது, அம்மா சொன்னவ என்று சொன்னார். அன்றைக்கே நிறுத்தினேன். அவருக்குக் கவலை, எனக்கும்தான், நல்ல கால் அசைவு அவருக்கு. அதன் பிறகு இந்தக் கேள்வியைத் தனியறையில் டொக்டரைக் கொண்டு கேட்க வைக்கிறேன்.

ஜோடி சேர்ப்பது

முழு நிகழ்ச்சியும் இந்த ஒரு வேலையில்தான் நிற்கிறது. நிறை வித்தியாசம் நான்கு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. எல்லாரையும் ஒரே தராசில், பயிற்சி உடையில் நிறுங்கள். வீட்டுத் தராசு சொன்னதை நம்பாதீர்கள். வயது ஏழெட்டு வருடத்துக்குள். நிறையும் வயதும் பொருந்தினாலும் அனுபவம் பொருந்தாவிட்டால் அது சண்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பழகியதைச் சிலர் வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள், சிலர் வேண்டுமென்றே சொல்ல மாட்டார்கள். இலங்கையில் பள்ளிகளுக்கிடையிலான ஸ்ரப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டி 1914 இல் இருந்து நடக்கிறது; ஆகவே சின்ன வயதில் கையுறை போட்டவர்கள் நாங்கள் நினைப்பதைவிடக் கூடவே இருக்கிறார்கள். படிவத்தில் எழுதியதைவிட அவர் நிற்கிற நிலையைப் பாருங்கள். பழகியவர் களைக்கும்போதும் கையை முகத்துக்குத்தான் கொண்டு வருவார், புதியவர் இடுப்புக்கு விடுவார். கராத்தேக்காரரையும் கேட்டு வையுங்கள்.

எட்டாவது வாரம் முடியும் வரை யாருக்கு யார் என்று அறிவிக்க வேண்டாம். அதற்கு முன்பு எல்லாரும் எல்லாரோடும் பழகட்டும்.

மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவரையும் சேர்க்காதீர்கள். சபை சிரிக்கும் என்று சொல்லி இதைக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள்; ஒருவர் அடிக்கப் பயப்படுவார், அல்லது பயப்படவே மாட்டார், இரண்டும் கூடாது. மச்சான்மார், ஒரே வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், வேலிப் பிரச்சினையோ காணி வழக்கோ உள்ள குடும்பத்தவர்கள் ஆகியோரையும் சேர்க்கக்கூடாது. யாழ்ப்பாணம் சின்ன ஊர், இரண்டு பேரைப் பற்றி மூன்றாவது ஆளிடம் விசாரித்தால் எல்லாம் தெரிந்துவிடும். விசாரியுங்கள்.

சண்டையன்று ஒருவர் வராவிட்டாலோ டொக்டர் மறித்தாலோ அந்தச் சண்டை இல்லை. அவ்வளவுதான். பார்க்க வந்திருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றுவது, கனமானவருக்கு மெல்லியவரைப் பிடித்துப் போடுவது இரண்டும்தான் ஆளைக் கொல்கிற வழி. இரண்டு மேலதிக ஆட்களைப் பன்னிரண்டு வாரமும் பயிற்சியில் வைத்திருங்கள், நிறை பொருந்தினால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பன்னிரண்டு வாரம்

கிழமைக்கு மூன்று நாள், வேலை முடிந்து பின்னேரம் ஆறு மணிக்கு, ஒன்றே கால் மணித்தியாலம். மற்ற இரண்டு நாள் தாங்களாக ஓடட்டும். பண்ணைக் கடற்கரைப் பக்கம் விடியற்காலையில் ஓடுவது நல்லது. காற்று இருக்கும், வாகனம் குறைவு, தனியே ஓடுகிற மாதிரியும் இராது, முற்றவெளிப் பக்கமும் அந்த நேரம் நடக்கிறவர்கள் நிறைய. பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றால் உடை மாற்ற ஒழுங்கான அறையும், ஏழரைக்கு வீடு போக வாகன ஒழுங்கும் உங்கள் பொறுப்பு. இதைச் செய்யாமல், பெண்கள் வரவில்லை என்று சொல்ல வேண்டாம்.

பயிற்றுவிப்பாளர் குத்துச்சண்டை தெரிந்தவராக இருக்க வேண்டும். ஜிம் வைத்திருக்கிறவர் எல்லாம் குத்துச்சண்டைப் பயிற்றுவிப்பாளர் இல்லை. இந்த விளையாட்டில் எங்கள் நாட்டுக்கு நல்ல பரம்பரை உண்டு, 1938 சிட்னி எம்பயர் விளையாட்டுப் போட்டியில் (இன்றைய கொமன்வெல்த் போட்டி) பார்னி ஹென்றிக்கஸ் தங்கம் எடுத்தது குத்துச்சண்டையில்தான். பள்ளிக்கூடங்களிலும் படையணிகளிலும் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கெஞ்சியாவது ஒருவரைக் கொண்டு வாருங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

முதல் நான்கு வாரம் ஒருவரும் ஒருவரைத் தொடக்கூடாது. நிற்கிற நிலை, கால் அசைவு, இடக்கையால் நேர்க்குத்து, வலக்கை, கையைத் திரும்ப முகத்துக்குக் கொண்டு வருவது. கயிறு அடிக்கட்டும். வலக்கைக்காரர் இடது காலை முன்னுக்கு வைத்து, நாடியைத் தாழ்த்தி நிற்க வேண்டும். குத்தைவிடக் காலில்தான் நேரத்தைச் செலவழியுங்கள். பயந்த புதியவர் கால்களை ஒன்றோடொன்று குறுக்கே வைத்துத் தானாக விழுவார். எந்தக் குத்தை விட்டாலும் மூக்கால் மூச்சை வெளியே தள்ளப் பழக்குங்கள். சண்டையன்று இரண்டு நிமிடச் சுற்றில் நாற்பதாவது விநாடியிலேயே கை கல்லாகிவிடுவதற்குக் காரணம் பலவீனம் இல்லை, பதற்றத்தில் மூச்சைப் பிடித்து வைத்திருப்பதுதான். இதை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் கத்திக்கொண்டே இருப்பேன்.

ஐந்தாவது வாரத்தில் இருந்து ஜோடிப் பயிற்சி. முதலில் ஒருவர் இடக்கை மட்டும், மற்றவர் தடுப்பது மட்டும். பிறகு உடம்புக்கு மட்டும். ஏழாவது வாரத்தில்தான் தலைக்கு, அதுவும் மெதுவாக, கிழமைக்கு ஒரு நாள், மூன்று சுற்றுக்கு மேல் இல்லை. பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இல்லாத நேரம் இரண்டு பேர் கையுறை போடவே கூடாது. சண்டைக்கு முன் பத்து நாள் தலையில் ஒரு அடியும் படக்கூடாது. பயிற்சியில் தலை சுற்றினால், கண் மங்கினால், அடுத்த நாள் தலையிடி விடாமல் இருந்தால் அந்த ஆள் இந்த முறை ஏறமாட்டார், எவ்வளவு ரிக்கெட் விற்றிருந்தாலும் சரி.

வெக்கையைக் கவனியுங்கள். மின்விசிறி இல்லாத மண்டபத்தில் இருபது பேர் குதித்தால் அது அடுப்படி மாதிரி. உப்புப் போட்ட மோர், இளநீர், தண்ணீர், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம். பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்பு இரண்டு கதலிப்பழம் காணும், வேலையால் வந்து கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வருகிறவர் அன்று வாந்தி எடுப்பார். நிறையைக் குறைக்க வேண்டும் என்று பொலித்தீன் உடையில் ஓடுவது, தண்ணீர் குடியாமல் இருப்பது இரண்டையும் கண்டால் ஆளை நிறுத்துங்கள். உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் தலையில் அடிபடுவது இரட்டிப்பு ஆபத்து. அவர் இருக்கிற நிறையிலேயே ஜோடி பாருங்கள், நிறையை ஜோடிக்கு ஏற்ப வளைக்க வேண்டாம்.

சாமான்கள்

கையுறை 16 அவுன்ஸ், எல்லாருக்கும் ஒரே மாதிரி, சண்டைக்கு என்று புதிதாக வைத்திருக்க வேண்டும். அமெச்சூர் போட்டிகளில் 10, 12 அவுன்ஸ்தான் போடுவார்கள், எங்கள் ஆக்களுக்குப் பஞ்சு கூட இருக்கட்டும். கைக்குச் சுற்றுகிற துணி நாலரை மீற்றர் நீளம். சுற்றத் தெரியாதவரின் மணிக்கட்டுத்தான் முதலில் போகும், இரண்டாவது வகுப்பிலேயே பழக்குங்கள். பல்லுக்கு வைக்கிற காப்பு, சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து அளவெடுக்கிற வகை காணும், பல் டொக்டரிடம் செய்வித்தால் இன்னும் நல்லது. ஆண்களுக்குக் கவட்டுக் காப்பு, பெண்களுக்கு விரும்பினால் மார்புக் காப்பு. பயிற்சிக் கையுறைகளுக்குள் ஒவ்வொரு நாளும் பழைய பத்திரிகையைச் சுருட்டி வைத்துக் காய விடுங்கள், எங்கள் ஈரக்காற்றில் இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும்.

தலைக்கவசம் கட்டாயம். ஆனால் அது என்ன செய்கிறது என்பதைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். வெட்டுக்காயத்தையும் காது, கன்ன வீக்கத்தையும் அது குறைக்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. ஒலிம்பிக்கில் 1984 இல் வந்த தலைக்கவசத்தை ஆண்களுக்கு 2016 ரியோவில் எடுத்தே விட்டார்கள். எங்கள் ஆட்கள் திங்கட்கிழமை ஆக்களுக்கு முன்னால் இருக்க வேண்டியவர்கள் என்பதால் நான் அதை வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் தலையில் எவ்வளவும் வாங்கலாம் என்று ஒருவர் நினைத்தால் அது இல்லாததைவிட மோசம்.

ரிங்கைக் கலியாண மேடைப் பலகையில் கட்ட வேண்டாம். ஒரு இடத்தில் அப்படிக் கட்டினார்கள், பலகைக்கும் பலகைக்கும் இடையில் கால் போய் ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. அடி எதுவும் படவில்லை, பலகைதான் செய்தது. கயிற்றுக்குள் பக்கத்துக்கு ஐந்திலிருந்து ஆறு மீற்றர் அகலம், நான்கு கயிறு, திடமான தளம், அதற்கு மேல் மெத்தை, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கன்வஸ், மூலைகளில் பஞ்சு. விழுகிறவரின் தலை அடிபடுவது பெரும்பாலும் தளத்தில்தான், ஆகவே மெத்தையில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் இருந்து லொறியில் வரும். முதல் நாளே வந்து கட்டி முடிய வேண்டும். கயிற்றில் இருந்து முதல் மேசைக்கு இரண்டு மீற்றராவது விடுங்கள், கூரையில் தொங்குகிற விளக்கின் உயரத்தையும் அளந்து பாருங்கள். மின்பிறப்பாக்கி வாடகைக்கு எடுத்துத் தயாராக நிற்கட்டும்.

அந்த இரவு

ஒரு சண்டை என்பது இரண்டு நிமிடத்தில் மூன்று சுற்று, இடையில் ஒவ்வொரு நிமிட ஓய்வு, ஆக எட்டு நிமிடம். வருவது, போவது, கையுறை பார்ப்பது எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். ஏழு சண்டைக்கு நடுவில் ஒரு இடைவேளையோடு இரண்டு மணித்தியாலம். அதற்கு மேல் இழுத்தால் விருந்தாளியும் களைப்பார், டொக்டரும் களைப்பார். நான் சண்டையை முதலும் பெரிய சாப்பாட்டைப் பிறகும் வைக்கிற ஆள். ஆறரைக்குச் சிற்றுண்டி, ஏழரைக்கு முதல் சண்டை, ஒன்பதரைக்குச் சாப்பாடு. மதுபானம் வைப்பதென்றால் கடைசிச் சண்டை முடிந்த பிறகு திறவுங்கள். குடித்த சபை நடுவரை விட்டுவைக்காது.

உடை பற்றி நிறையக் கேட்கிறார்கள். அழைப்பிதழில் கறுப்புச் சூட்டு, போ டை என்று போடுங்கள், அதோடு "அல்லது பட்டு வேட்டி சால்வை" என்றும் போடுங்கள். எங்கள் ஊர் வெக்கையில், வருடத்தில் ஒரு நாள் போடக் கோட்டுத் தைக்கச் சொல்லி ஒரு ஆசிரியரையோ கிளார்க்கரையோ விலக்கி வைப்பது நியாயம் இல்லை, பட்டு வேட்டி எந்த விருந்திலும் குறைந்த உடையும் இல்லை. பெண்கள் சேலையில் வருவார்கள், அதைப் பற்றி ஒன்றும் எழுதத் தேவையில்லை. நடுவர்கள் வெள்ளையில் நிற்கட்டும்.

சீன வெடி, புகை, படாரென்று வெடிக்கிற காகிதத்துகள் எதுவும் வேண்டாம். வெளியூர் நிகழ்ச்சி நிறுவனங்கள் வீரர் நுழைவுக்கு இதைத்தான் முதலில் விற்கப் பார்க்கும். ஷெல்லடிக்குள் வாழ்ந்த ஆட்கள் மேசைகளில் இருக்கிறார்கள், ஏறப்போகிறவரும் அப்படியான ஒருவர்தான். தவில் நாதஸ்வரத்தோடு கூட்டி வாருங்கள், அதைவிட எழுச்சியான நுழைவு வேறு எங்கும் கிடையாது.

இப்போது அந்த அமைதி விதி. சுற்று நடக்கும்போது கத்த வேண்டாம், மணி அடித்த பிறகு எவ்வளவும் கை தட்டுங்கள் என்று அறிவிப்பாளர் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் சொல்ல வேண்டும். நடுவர் "நிறுத்து" என்று சொன்னது ரிங்கில் இருக்கிற இருவருக்கும் கேட்க வேண்டும். பின்னால் இருந்து சொந்த ஒஃபிஸ்காரர் "அடி, அடி" என்று கத்தினால் அந்த ஆள் தடுப்பை மறந்துவிட்டு வீசத் தொடங்குவார். நான் பார்த்த மோசமான அடிகள் எல்லாம் அந்தக் கூச்சலில் வந்தவைதான். தாயும் மனைவியும் முன் வரிசையில் இருக்கிறார்கள் என்பதையும் நினையுங்கள்.

நடுவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய ஒரே அறிவுறுத்தல், நேரத்தோடு நிறுத்துங்கள் என்பது. அடிபட்டுத் தடுமாறுகிறவருக்கு நடுவர் சண்டையை மறித்து எட்டு வரை எண்ணுவார்; ஒரு சுற்றில் இரண்டு தரம் அப்படி எண்ண வேண்டி வந்தால் சண்டை முடிந்தது. மூலையில் நிற்கிற உதவியாளர், காணும் என்று துவாயை ரிங்குக்குள் எறிந்தால் முடிந்தது. டொக்டர் கையைத் தூக்கினால் முடிந்தது, ஏன் என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை, அனுசரணையாளருக்கும்தான். வெற்றி தோல்வி அறிவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு பேரின் கையையும் தூக்குங்கள், ஒரே அளவான பதக்கம் கொடுங்கள். தோற்றவர் என்ற பெயரோடு ஒருவர் இரண்டு வருடம் அதே ஒஃபிஸில் இருக்க வேண்டி வரும்.

டொக்டர்கள் இரண்டு பேர், ரிங்குக்குப் பக்கத்தில், வேறு வேலை இல்லாமல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, ஆனால் அது ஊரின் அவசரத்துக்கு உரியது, உங்கள் வாசலில் நிற்க அல்ல. தனியாக ஒரு அம்புலன்ஸை ஒக்சிசனோடும் ஆளோடும் ஒழுங்கு செய்யுங்கள். அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் இன்னொன்று வரும் வரை அடுத்த மணி அடிக்கக்கூடாது. போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்து வையுங்கள். ஒரு சனிக்கிழமை இரவு அதே நேரத்தில் மண்டபத்தில் இருந்து அங்கே ஒரு தரம் ஓடிப் பாருங்கள், எந்த ஒழுங்கையில் கார் மறிக்கும் என்று தெரியும். வாசலில் வாகனம் நிறுத்த விடாமல் இரண்டு தம்பிமாரை நிறுத்துங்கள்.

காசு

ரிக்கெட்டில் பெரிய காசு வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு பேருக்கு ஒருவருக்குப் பத்தாயிரம் என்றால் இருபது லட்சம், அதில் சாப்பாடு, மண்டபம், ரிங், ஒலி ஒளி போனால் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அதனால் செலவு முழுவதையும் அனுசரணையில் மூடுங்கள்: ஒரு நிறுவனம் ரிங்கை, ஒன்று சாப்பாட்டை, ஒன்று அம்புலன்ஸை என்று தனித்தனியாகக் கேட்டால் கொடுப்பார்கள். அப்போது ரிக்கெட் காசு முழுவதும் வைத்தியசாலைக்கு என்று அழைப்பிதழிலேயே எழுதலாம், அந்த ஒரு வரிக்காகவே ஆட்கள் வாங்குவார்கள்.

உண்மையான காசு ரிங்கில் ஏறுகிறவர்களிடம் இருந்துதான் வரும். ஒவ்வொருவரும் தன் வகுப்புத் தோழர், சொந்தக்காரர், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சித்தப்பா, மாமி என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வாரமும் பயிற்சிப் படங்களைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடட்டும். மூன்று பிள்ளைகளின் தகப்பன் காலை ஐந்து மணிக்குப் பண்ணையில் ஓடுகிற படத்தைப் பார்த்தால் கொடுக்காத சொந்தக்காரர் குறைவு. ஆனால் இலக்கை எட்டாதவரை ரிங்கில் ஏற்ற மாட்டோம் என்று நெருக்க வேண்டாம். காசு பதிவு செய்த சங்கத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், யாருடைய சொந்தக் கணக்குக்கும் இல்லை, இரண்டு கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு.

முடிந்த பிறகு

சண்டை முடிந்ததும் ஒவ்வொருவரையும் டொக்டர் பார்க்காமல் உடை மாற்ற விடாதீர்கள். அன்றிரவு ஏறிய ஒருவரும் மோட்டார் சைக்கிளோ காரோ ஓடக்கூடாது, குடிக்கக்கூடாது, தனியே படுக்கக்கூடாது. வீட்டு ஆளிடம் ஒரு தாளைத் தமிழில் கொடுங்கள்: தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பினாலும் மயங்கினால், கதை குழறினால், கண்மணி ஒன்று பெரிதாக இருந்தால், கை கால் சோர்ந்தால், வலிப்பு வந்தால் விடியும் வரை பார்க்காமல் உடனே வைத்தியசாலை. நோவுக்குப் பனடோல் போதும், அஸ்பிரின் வேண்டாம். இந்த அறிகுறிகள் உடனேயும் வரலாம், அடுத்த நாளும் வரலாம், அதனால் நாற்பத்தெட்டு மணித்தியாலம் கவனம். தலையில் பட்ட அடியால் சண்டை நிறுத்தப்பட்டவர் குறைந்தது முப்பது நாள் கையுறையைத் தொடக்கூடாது, டொக்டர் எழுதித் தந்த பிறகுதான் திரும்ப வரலாம்.

ஒஃபிஸில் முன்கூட்டியே கதைத்து வையுங்கள். திங்கட்கிழமை லீவு தேவைப்பட்டால் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கியே நான் ஆளை எடுப்பேன். செவ்வாய்க்கிழமை பதினான்கு பேருக்கும் போன் எடுத்து, எப்படி நித்திரை, எப்படித் தலை, சாப்பிட முடிகிறதா என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் குறித்து டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு மாதத்துக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி, வைத்தியசாலை தந்த பற்றுச்சீட்டின் பிரதியோடு, ரிக்கெட் வாங்கியவர், அனுசரணை தந்தவர், வெளிநாட்டில் இருந்து அனுப்பியவர் எல்லாருக்கும் அனுப்புங்கள். முதல் பிரதி ரிங்கில் ஏறிய பதினான்கு பேருக்கும் போகட்டும்.